வீட்டில் கட்டிய குரூசர் பலகை: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

வீட்டில் கட்டிய குரூசர் ஸ்கேட்போர்ட் (வித்தைக்கல்ல, வீதியில் போய்வருவதற்கான பலகை) சரியாக ஓடாவிட்டால் பெரும்பாலானவர்கள் முதலில் செய்யும் காரியம் எட்டுப் புதிய பெயாரிங் வாங்கிப் போடுவது. பணம் போய்விடும், கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும். பழைய பாகங்களை ஒன்றுசேர்த்துக் கட்டிய பலகையில் தனியொரு பாகம் கெட்டுப்போவது குறைவு. இரண்டு பாகங்கள் பொருந்தாமல் மல்லுக்கட்டுவதுதான் அதிகம். யாரோ ஒரு அண்ணன் வெளிநாட்டுக்குப் போகும்போது விட்டுச்சென்ற டிரக் (பலகையின் அடியில் சில்லுகளின் அச்சைத் தாங்கும் உலோகப் பாகம்), இணையத்தில் வாங்கிய சில்லு, மொரட்டுவைத் தச்சுப் பட்டறையில் மிஞ்சிய பலகை, ஹார்ட்வெயார் கடை நட் என்று நாலு திசையிலிருந்து வந்தவற்றைச் சம்பந்தம் பேசிச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். ஆகவே எந்தப் பாகம் பழுது என்று தேடுவதை விட, எது எதோடு உரசுகிறது என்று தேடினால் விடை சீக்கிரம் கிடைக்கும்.

தேவையான கருவிகள் சில: அச்சு நட்டுக்கு அரை அங்குல ஸ்பானர், கிங்பின் (டிரக்கின் நடுவே நிற்கும் பெரிய போல்ட்) நட்டுக்கு 9/16 அங்குல ஸ்பானர், பலகையோடு டிரக்கைப் பிணைக்கும் சிறு நட்டுகளுக்கு 3/8 அங்குல ஸ்பானர், ஒரு ஸ்குரூடிரைவர், வெண்கட்டி, நூல். அரை அங்குலத்துக்குப் பதிலாக 13 மி.மீ. சமாளிக்கும். 9/16க்கு 14 நுழையாது, 15 வழுக்கி நட்டின் மூலைகளைத் தேய்த்துவிடும். அதற்கு மட்டும் அங்குல ஸ்பானரைத் தேடிப் பிடியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்றால், எது சரியாக்கியது என்பது அடுத்த முறையும் தெரியாது.

தள்ளிவிட்டால் சீக்கிரம் நின்றுவிடுகிறது

பலகையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு நான்கு சில்லுகளையும் ஒவ்வொன்றாகச் சுண்டிவிடுங்கள். நான்கும் தாராளமாகச் சுழன்றால் இந்தப் பகுதியின் கடைசிப் பந்திக்கே போய்விடலாம். ஒன்றோ இரண்டோ முரண்டுபிடித்தால், அந்தச் சில்லின் அச்சு நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி மீண்டும் சுண்டுங்கள். இப்போது சுழல்கிறதா? அப்படியானால் பெயாரிங்கில் பிழையில்லை. நட் அளவுக்கு மீறி இறுகியிருந்தது.

ஒவ்வொரு சில்லிலும் இரண்டு பெயாரிங் உண்டு. அவற்றின் உள்வளையங்களுக்கு நடுவே 10 மி.மீ. நீளமான ஸ்பேசர் குழாய் இருந்தால், நட்டை இறுக்கினாலும் அழுத்தம் வளையத்திலிருந்து குழாய்க்கும் அங்கிருந்து அடுத்த வளையத்துக்கும் நேராகப் போகும். குண்டுகள் தம்பாட்டில் ஓடும். பழைய சில்லுகளில் இந்தக் குழாய் பெரும்பாலும் தொலைந்திருக்கும். அது இல்லாமல் இறுக்கினால் உள்வளையங்கள் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து குண்டுகளைப் பக்கவாட்டில் நெருக்கும். குழாய் இல்லாத சில்லில் நட்டை முழுக்க இறுக்கி, பிறகு சில்லு அச்சின் மேல் இம்மியளவு பக்கவாட்டில் ஆடும் வரை திருப்பித் தளர்த்துங்கள். செப்புக் குழாயைக் கத்தரித்து நீங்களே ஸ்பேசர் செய்ய நினைத்தால், நீளம் சரியாக 10 மி.மீ. வராவிட்டால் பிரச்சினை கூடும். சரியாக வெட்ட முடியாதென்றால் அது இல்லாமலே ஓட்டுவது மேல்.

நட்டைத் தளர்த்தியும் பயனில்லையா? வாஷரைப் பாருங்கள். சில்லின் இரு பக்கமும் ஒரு சிறிய வாஷர் இருக்க வேண்டும். அது பெயாரிங்கின் உள்வளையத்தை மட்டும் தொடவேண்டும். ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் சாதாரண 8 மி.மீ. வாஷரின் வெளிவிட்டம் 16 மி.மீ. அது உள்வளையத்தைத் தாண்டிப் பெயாரிங்கின் கவசத்தின் மேல் படர்கிறது. சில்லைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கவசத்தில் பளபளவென்று வட்டமாக ஒரு கீறல் ஓடியிருந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. வாஷரே போடாமல் விட்டாலும் இதே கதிதான். அப்போது பெயாரிங் டிரக்கின் தோளோடு நேராக உரசும்.

பெயாரிங் சில்லுக்குள் கோணலாக உட்கார்ந்திருப்பதும் உண்டு. சுத்தியலால் ஒருபோதும் அடிக்காதீர்கள். பெயாரிங்கை அச்சில் மாட்டி, சில்லை அதன் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் "டப்" என்று போய் உட்காரும். கழற்றும்போதும் அச்சையே நெம்புகோலாக்கலாம்.

இவ்வளவு பார்த்த பிறகுதான் பெயாரிங்கின் முறை. ஸ்கேட்போர்டில் பயன்படுவது 608 அளவு: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிப்பு 7 மி.மீ. பழைய இன்லைன் ஸ்கேட் காலணிகளிலும் பெரும்பாலும் இதே அளவுதான். ஆகவே கிழிந்த காலணி ஒரு சோடி கிடைத்தால் பெயாரிங்குக்குப் பஞ்சமில்லை. அதன் சில்லுகளை மட்டும் ஆசைப்பட்டு மாட்டாதீர்கள். அவை ஒடுங்கி, விளிம்பு கூராக இருக்கும், பலகைக்கு உதவாது. நான்கு சில்லு ரோலர் ஸ்கேட்டிலிருந்து எடுத்த பெயாரிங் அச்சில் ஏறவே மாட்டேன் என்றால் அது 627 ஆக இருக்கலாம். வெளியே பார்க்க அதே 22 மி.மீ., உள்ளே 7. கூரை மின்விசிறியில் இருப்பவை 6201, 6202 போன்ற பெரிய அளவுகள். அவற்றால் இங்கே வேலையில்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஏபெக் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது உற்பத்தித் துல்லியத்தின் தரம், வேகத்துக்கான உத்தரவாதமல்ல.

அழுக்கென்றால் கழுவலாம். இறப்பர் மூடியை ஊசி முனையால் விளிம்பில் நெம்பி எடுத்து, பெயாரிங்கை மண்ணெண்ணெயில் ஊறவிட்டுப் பழைய பல்தூரிகையால் துலக்குங்கள். உள்ளே தலைமயிரும் நூலும் சுற்றியிருக்கும், அதை இடுக்கியால் இழுத்தெடுங்கள். பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் அலசி, நன்றாக உலர்த்தி, தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு. தேங்காயெண்ணெய் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறதென்று அதை விடாதீர்கள். நாளடைவில் பிசினாகித் தூசியைச் சேர்க்கும். துரு இளக்கும் ஸ்ப்ரேயும் நிரந்தர எண்ணெயல்ல, இருக்கிற கிறீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். கடலோரத்தில் ஓட்டுபவர்கள் எண்ணெய்க்குப் பதிலாகக் கொஞ்சம் கிறீஸ் வைப்பது நல்லது. விரலால் சுண்டும்போது சில்லு முன்பு போல் நெடுநேரம் சுற்றாது, ஆனால் அது வித்தை காட்டத்தான் உதவும். உங்கள் உடம்பின் பாரம் ஏறிய பிறகு அந்த வேறுபாடு காலுக்குத் தெரியாது.

நான்கு சில்லும் கையில் நன்றாகச் சுழல்கின்றன, வீதியில் மட்டும் மாட்டுவண்டி வேகம். அப்படியானால் சில்லு வீதிக்கு ஏற்றதல்ல. வித்தைகளுக்கான பலகையிலிருந்து எடுத்த 52 மி.மீ., 99ஏ கடினச் சில்லு மெருகிட்ட சீமெந்துக்காகச் செய்யப்பட்டது. கொழும்பு நடைபாதைகளின் பொருத்துக்கற்களிலும் ஒட்டுப்போட்ட தாரிலும் அது ஒவ்வொரு இடுக்கிலும் தட்டித் தட்டி வேகத்தை இழக்கும். உங்கள் பல்லும் சேர்ந்து ஆடும். குரூசருக்கு 60 மி.மீ.க்கு மேல் விட்டமும் 78ஏ முதல் 85ஏ வரை கடினமும் உள்ள சில்லு வேண்டும். வேறு எதில் சிக்கனம் பார்த்தாலும் சில்லில் பார்க்காதீர்கள். முழுப் பலகையிலும் புதிதாக வாங்கத் தகுந்த ஒரே பொருள் அதுதான்.

சில்லு பிசுபிசுக்கிறது, உதிர்கிறது

அலமாரியில் நெடுநாள் கிடந்த சப்பாத்தின் அடி ஒருநாள் பொடிப்பொடியாக உதிர்வதைக் கொழும்பில் பார்க்காதவர் இருக்க முடியாது. பொலியூரித்தேன் வகைகளில் சில ஈரக் காற்றில் நீரோடு வினைபுரிந்து மெல்ல மெல்லச் சிதைகின்றன. பெட்டியில் கிடந்த பழைய சில்லுக்கும் இதே கதி நேரலாம். நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் மீளாமல் நின்றாலோ, மேற்பரப்பில் வெடிப்பு வலைபோல் ஓடியிருந்தாலோ, விரலில் ஒட்டினாலோ வீசிவிடுங்கள். கழுவியோ வெயிலில் காயவைத்தோ மீட்க முடியாது. மஞ்சளாகிப்போனது மட்டும்தான் குறையென்றால் கவலையில்லை, அது வெறும் நிறம்.

நட் ஏறவில்லை, அல்லது ஏறிய பிறகு கழன்று விழுகிறது

பழைய டிரக்குகளை அதிகம் பாழாக்குவது பெயாரிங்கோ துருவோ அல்ல, தவறான நட்.

ஸ்கேட்போர்ட் அச்சு 8 மி.மீ. போலவே தெரியும். கடை முதலாளியிடம் "எட்டு மில்லிமீற்றர் நட்" என்று கேட்டால் அவரும் நல்ல மனதோடு எடுத்துக் கொடுப்பார். அது ஓரிரு சுற்று ஏறும், பிறகு இறுகும். துருதான் காரணம் என்று நினைத்து ஸ்பானரைப் போட்டுத் திருகுவீர்கள். அச்சின் மரை அறுந்துவிடும். காரணம் எளிது. பெரும்பாலான டிரக்குகளின் அச்சு 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. அதாவது மரைக்கு மரை ஏறத்தாழ 1.06 மி.மீ. சாதாரண எம் 8 (எட்டு மில்லிமீற்றர்) நட்டில் அந்த இடைவெளி 1.25. கிங்பின்னும் அப்படித்தான்: 3/8 அங்குலம், 24 மரை. எம் 10 நட் அதற்குச் சேராது. மலிவான டிரக்குகள் சிலவற்றில் உண்மையிலேயே எம் 8 அச்சு இருப்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. உள்ளே உள்ள நைலோன் வளையம் மரையைத் தொடும் வரை விரலாலேயே ஏறாத நட்டை ஸ்பானரால் ஏற்றக்கூடாது என்ற ஒரு விதி போதும், எந்த அளவானாலும் தப்பித்துக்கொள்வீர்கள்.

இந்த மரை வகைக்குப் பெயர் யூ.என்.எஃப். அதைத் தேடி வெளிநாட்டுக் கடைகளுக்கு எழுத வேண்டியதில்லை. நம் தெருக்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மொரிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களில் பரவலாகப் பயன்பட்டது இதே மரைதான். பஞ்சிகாவத்தையில் பழைய கார் உதிரிப்பாகம் விற்பவரிடம் "ஐந்து பதினாறு யூ.என்.எஃப். நைலோன் நட்" என்று கேளுங்கள். மாதிரிக்கு உங்கள் பழைய நட் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஸ்கேட்போர்ட் என்று விளக்கத் தொடங்கினால் பேச்சு நீளும். கார் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

நட் சரியானதுதான், ஆனால் ஓடும்போது கழல்கிறது என்றால் உள்ளே உள்ள நைலோன் வளையம் தேய்ந்திருக்கிறது. விரலால் சுலபமாகச் சுற்ற முடிகிற நைலோன் நட் தன் ஆயுளை முடித்துவிட்டது, மாற்றுங்கள். மரை லேசாக நசுங்கிய அச்சைக் கடைசல் பட்டறையில் கொடுத்தால் 5/16–24 டை (மரை வெட்டும் கருவி) ஓட்டிச் சீர்செய்வார்கள். ஒரு பக்கம் மரை குறைவாகவும் மறுபக்கம் அதிகமாகவும் நீட்டிக்கொண்டிருந்தால் அச்சு டிரக்குக்குள் நகர்ந்திருக்கிறது. நீண்ட பக்கத்தில் பழைய நட்டொன்றை முனை மட்டத்துக்கு மாட்டி, அதன் மேல் மரத்துண்டு வைத்துத் தட்டி நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

நேராக நிற்கிறேன், பலகை ஒரு பக்கம் இழுக்கிறது

முதலில் வீதியைச் சந்தேகியுங்கள். மழைநீர் வடிவதற்காக நம் வீதிகள் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரிந்தே போடப்படுகின்றன. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலும் இப்படித்தான். ஓரமாகப் போனால் எந்தப் பலகையும் வாய்க்கால் பக்கம்தான் போகும்.

இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. சமதளமான இடத்தில் ஓட்டிப் பார்த்து, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பலகையின் முன்பின்னை மாற்றி, அதே திசையில், அதே நிலையில் நின்று ஓட்டுங்கள். இழுப்பு மறுபக்கம் மாறினால் கோளாறு பலகையில். மாறாமல் அதே பக்கம் இழுத்தால் தரை சரிவு, அல்லது உங்கள் குதிகால் பாரம்.

பலகைதான் என்று தெரிந்துவிட்டதா? டிரக் கோணலாக இருக்கிறதா என்று பாருங்கள். பலகையின் நுனி நடுவிலிருந்து வால் நடு வரை அடியில் ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். இரண்டு கிங்பின்னின் நடுவும் நூலின் மேல் விழவேண்டும், இரண்டு அச்சும் நூலுக்குச் செங்குத்தாக நிற்கவேண்டும். வீட்டில் துளையிட்ட பலகையில் இது தவறுவது சாதாரணம். துளைகளின் இடைவெளியே இரண்டு வகை என்பது முதற் காரணம். 1990களின் தொடக்கத்துக்கு முந்திய டிரக்குகளில் நீளவாக்கில் 63.5 மி.மீ., பிந்தியவற்றில் 54 மி.மீ. அகலம் இரண்டிலும் 41.3. பழைய டிரக்கைப் புதிய துளைகளுக்குள் திணிப்பதற்காகத் துளையை முட்டை வடிவாக அகட்டுவார்கள். அப்புறம் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் டிரக் அந்த இடைவெளிக்குள் திரும்பிக்கொள்ளும். அகன்ற துளையில் மரக்குச்சியை எப்பொக்சி பூசி அடித்து அடைத்து, இறுகிய பிறகு புதிதாகத் துளையிடுங்கள். டிரக்கின் அடித்தட்டையே அச்சாக வைத்துக் குறித்தால் அளவு பிசகாது.

டிரக் நேராக இருந்தும் இழுத்தால் புஷ்ஷைக் கழற்றிப் பாருங்கள். கிங்பின்னைச் சுற்றியிருக்கும் இரண்டு மென்வளையங்கள் அவை. பழையவை எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்து நின்ற ஒருவரின் பழக்கத்தைச் சுமந்துகொண்டு வந்திருக்கும்: ஒரு விளிம்பு பிதுங்கி, மறுவிளிம்பு தடித்து. அவற்றைத் திருப்பிப் போட்டு ஏமாற்ற வேண்டாம், புதிது போடுங்கள். வாகனங்களின் கறுப்பு இறப்பர் புஷ்ஷைச் செதுக்கிப் போடுபவர்களும் இருக்கிறார்கள். அவசரத்துக்கு ஓடும், ஆனால் பொலியூரித்தேனின் துள்ளல் அதில் வராது. பலகை சாய்ந்தால் நிமிரச் சோம்பல்படும்.

திரும்பும்போது பலகை சட்டென நின்று ஆளைத் தூக்கியெறிகிறது

உடனே ஓட்டுவதை நிறுத்தவேண்டிய அறிகுறி இது. சில்லு பலகையின் அடியைத் தொடுகிறது. நீங்கள் முன்னே போவீர்கள், பலகை பின்னே நிற்கும்.

சில்லுகளின் உச்சியில் வெண்கட்டியை நன்றாகப் பூசுங்கள். பலகையைப் புற்தரையிலோ தடித்த கம்பளத்திலோ வைத்து, ஏறி நின்று, ஒரு விளிம்பில் முழுப் பாரத்தையும் கொடுங்கள், பிறகு மறுவிளிம்பில். இறங்கிக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் வெள்ளைத் தடம் எங்கே விழுந்திருக்கிறதோ அங்கேதான் உரசல். தடம் நான்கில் ஒன்றில் மட்டும் என்றால் மேலே சொன்ன கோணல் டிரக்கையோ தேய்ந்த புஷ்ஷையோ முதலில் சரிசெய்யுங்கள். நான்கிலும் என்றால் சில்லு பெரிது, இடைவெளி போதாது.

தீர்வு ரைசர்: டிரக்குக்கும் பலகைக்கும் நடுவே வைக்கும் தட்டு. உயரம் குறைந்த டிரக்கில் 60 மி.மீ. சில்லுக்கு 6 மி.மீ. தட்டு பொதுவாகப் போதும், 65ஐத் தாண்டினால் 12 வரை தேவைப்படலாம். மரக்கறி வெட்டும் தடித்த பிளாஸ்டிக் பலகை இதற்கு அருமையான பொருள். வாளால் அறுபடும், துளையிடலாம், தண்ணீருக்கு அஞ்சாது. ரப்பர் செருப்பின் அடியை வெட்டி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது நசுங்கிக்கொண்டே போகும், போல்ட் தளர்ந்துகொண்டே போகும். ரைசர் எவ்வளவு தடிப்போ அவ்வளவு நீளம் போல்ட்டிலும் கூடவேண்டும். போல்ட் முனை நைலோன் வளையத்தைத் தாண்டி வெளியே தெரியாவிட்டால் அது பூட்டவில்லை என்று பொருள். இந்த இடத்தில் மட்டும் ஹார்ட்வெயார் கடையின் 5 மி.மீ. போல்ட்டும் அதற்குரிய நைலோன் நட்டும் பெரும்பாலும் பிரச்சினையின்றிப் பொருந்தும்.

ரைசர் போட்ட பிறகும் இலேசாக உரசினால், வெண்கட்டித் தடம் விழுந்த இடத்தை அரைவட்ட அரத்தால் இரண்டு மி.மீ. குழித்துவிடுங்கள். அதற்கு மேல் குழித்தால் பலகை அந்த இடத்தில்தான் முறியும்.

வேகம் கூடும்போது நடுங்குகிறது

கொழும்பு சமதரை நகரம். பலகை நடுங்குமளவுக்கு வேகம் இங்கே எளிதில் வராது. மேம்பாலச் சரிவில் நடுக்கம் கண்டால் முதலில் கேட்கவேண்டியது அங்கே ஏன் போனீர்கள் என்பதுதான். மெதுவாகப் போகும்போதே நடுங்கினால் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது. கிங்பின் நட்டை அரைச் சுற்று இறுக்குங்கள். போதாவிட்டால் கடினமான புஷ், முக்கியமாகப் பின் டிரக்கில். டிரக்கின் மூக்கு நுழைந்து நிற்கும் பிவட் கப்பையும் ஆட்டிப் பாருங்கள். அங்கே கடகடவென்று ஆட்டம் இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் நடுக்கம் நிற்காது. நட்டை இறுக்கி இறுக்கிப் புஷ் பிதுங்கும் நிலைக்குக் கொண்டுபோவது வைத்தியமல்ல. பலகை திரும்ப மறுக்கும், நடுக்கமும் மிச்சமிருக்கும்.

நடுக்கம் தொடங்கிவிட்டால் பாரத்தை முன்காலுக்குக் கொண்டுபோய் முழங்காலை மடக்குங்கள். பயத்தில் பின்னால் சாய்வது நடுக்கத்தை வளர்க்கும்.

சத்தம்

திரும்பும்போது மட்டும் கிறீச்சிட்டால் பிவட் கப். கழற்றி, சவர்க்காரத்தையோ மெழுகுதிரியையோ சுரண்டிப் போட்டு மீண்டும் பூட்டுங்கள். எண்ணெய் விடாதீர்கள், மண் சேரும். ஓட்டம் முழுக்கக் கடகடத்தால் பலகைப் போல்ட்டுகள். சில்லு ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒருமுறை மட்டும் "டக்" என்றால் சில்லில் தட்டையான இடம் தேய்ந்திருக்கிறது. ஒழுங்கற்று அரைபடும் சத்தமென்றால் பெயாரிங் உள்ளே உடைந்திருக்கிறது. இங்கே உண்மையிலேயே பெயாரிங்தான்.

பலகை தொய்கிறது, பிளக்கிறது

கடையில் விற்கும் பலகைகள் வழக்கமாக ஏழு மேப்பிள் தாள்களை ஒட்டி அழுத்திச் செய்தவை. அவற்றில் ஐந்து நீளவாக்கில், இரண்டு மட்டும் குறுக்கே. சாதாரண பிளைவுட்டில் தாள்கள் ஒன்றுவிட்டு ஒன்று குறுக்கே போகின்றன. ஆகவே அதே தடிப்பில் நீளவாக்கு விறைப்பு குறைவு. மேல்தாளின் ரேகை பலகையின் நீளத்தோடு ஓடும்படி வெட்டாவிட்டால் இன்னும் குறையும். 12 மி.மீ. பிளைவுட் நடுவில் தொய்ந்தால் டிரக்குகளைச் சற்று நெருக்கி வையுங்கள். அதுவும் போதாவிட்டால் அடிப்பக்கத்தில் கண்ணாடிநார்த் துணி ஒரு படலம் எப்பொக்சியில் ஒட்டுங்கள். வளையும்போது இழுபடுவது அடிப்பக்கம் என்பதால் மேலே ஒட்டுவதால் அதே பலன் வராது. படகு திருத்துவோரிடம் நார் கிடைக்கும். அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பொலியெஸ்டர் பிசின் மரத்தில் எப்பொக்சியைப் போலப் பிடிக்காது என்பதை நினைவில் வைத்திருங்கள்.

விளிம்பில் தாள் விரிவது வேறு நோய். வீட்டுக்குள் பயன்படும் மலிவான பிளைவுட்டின் பசை ஈரத்தைத் தாங்காது. பழைய சோனகத் தெருப் பக்கம் போனால் மரைன் பிளைவுட் என்றே கேளுங்கள். அதையும் வெட்டிய விளிம்பை வார்னிஷ் பூசி அடைக்காமல் வீதிக்குக் கொண்டுபோகாதீர்கள். நாணயத்தால் பலகையைத் தட்டிக்கொண்டே போனால் ஒட்டுவிட்ட இடத்தில் ஒலி மந்தமாகும். விரிசல் விளிம்போடு நின்றிருந்தால் கத்தியால் திறந்து, மரப்பசை செலுத்தி, கவ்வியில் ஒருநாள் இறுக்கிவைத்து மீட்கலாம். டிரக் போல்ட்டுகளின் கீழே விட்டிருந்தால் மீட்க வழியில்லை.

ஒற்றை மரப்பலகையில் கட்டுவதற்கு இங்கே வசதி அதிகம், கதவு நிலையிலும் கட்டிலிலும் மிஞ்சிய தேக்கும் பலாவும் மகோகனியும் கிடைக்கின்றன. தேக்கு நல்லது. பலா பார்க்க அழகு, கையில் பாரம். எதுவானாலும் ரேகை நுனியிலிருந்து வால்வரை நேராக ஓடவேண்டும். ரேகை விளிம்பில் வந்து முடியும் இடத்தில், அல்லது கணு இருக்கும் இடத்தில் பிளக்கும். 18 மி.மீ.க்குக் குறையாமல் வையுங்கள். இறப்பர் மரத் துண்டுகளைப் பல்லிணைப்பில் ஒட்டி நீளமாக்கிய பலகையில் மட்டும் கட்டாதீர்கள்; மேசைக்கு அது சரி, குதிக்கிற பாரத்துக்கு அந்த இணைப்புகள் ஒவ்வொன்றும் ஒரு முறிவுக்கோடு.

கால் வழுக்கினால்: வார்னிஷின் இரண்டாம் பூச்சு ஈரமாக இருக்கும்போதே சலித்து உலர்த்திய ஆற்று மணலைத் தூவி, காய்ந்த பிறகு மேலே மெல்லிய ஒரு பூச்சு. கடற்கரை மணல் உப்போடு வரும், போல்ட்டைத் தின்றுவிடும். வெறுங்காலோடு ஏறமுடியாது, சப்பாத்துப் போட அது ஒரு நல்ல காரணம்.

மழைக்குப் பிறகு, கடற்காற்றுக்குப் பிறகு

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் மரைன் டிரைவிலும் காலி முகத்திடலிலும் உப்புத் துமி காற்றோடு வருகிறது. ஓட்டாமல் பல்கனியில் சாய்த்து வைத்த பலகையிலும் துரு ஏறும். இங்கே இரும்பு மூடியுள்ள 608 இசட்இசட் வகையை விட இறப்பர் மூடியுள்ள 608 2ஆர்எஸ் வகை நீடிக்கும். தண்ணீரில் ஓட்டிவிட்டால் அன்றிரவே சில்லுகளைக் கழற்றுங்கள். பெயாரிங்கைத் துடைத்து, மின்விசிறியின் கீழ் உலர்த்தி, எண்ணெய் சொட்டுங்கள். காலையில் பார்க்கலாம் என்று விட்டால் காலையில் செம்மஞ்சள் நிறத்தில் பார்ப்பீர்கள். ஈர வீதியில் மென்சில்லும் வழுக்கும். ஓடைமூடியின் இரும்பும் மஞ்சள் கடவையின் சாயமும் இன்னும் மோசம்.

இதற்குமேல் திருத்தக்கூடாதவை

டிரக்கின் உடல் வார்த்த அலுமினியம். கிங்பின் துளையைச் சுற்றியோ மூக்கின் அடியிலோ மயிர்க்கோடு போல ஒரு வெடிப்புத் தெரிந்தால், மண்ணெண்ணெய் தடவித் துடைத்து அந்த இடத்தில் வெண்கட்டிப் பொடியைப் பூசுங்கள். வெடிப்பு உண்மையானால் உள்ளே புகுந்த எண்ணெய் சிறிது நேரத்தில் கோடாக ஊறி வெளியே வரும். வெல்டிங் செய்பவர் "ஒட்டித் தருகிறேன் தம்பி" என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள். ஒட்டு அழகாக இருக்கும், அதன் பக்கத்தில் முறியும். வளைந்த அச்சையும் சுத்தியலால் நிமிர்த்த வேண்டாம். கிங்பின் மட்டும் வளைந்திருந்தால் அது வெறும் போல்ட்தான், தட்டிக் கழற்றி அதே அளவில் உறுதியான உருக்குப் போல்ட் போடலாம். மற்றதைப் பழைய இரும்புக் கடையில் நிறுத்துக் கொடுத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன் அச்சு நட்டுகளையும் அந்தச் சிறிய வாஷர்களையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த பலகைக்கு முதலில் தேடப்போவது அவற்றைத்தான்.